நண்டுக்கண் மிளகாய்

பறியின் கயிறு வாயில் இருக்கும்வரை நாகம்மாளால் யாரையும் திட்ட முடியாது. ஏரியில் கையால் இறால் தடவுகிற பெண்கள் எல்லோருக்கும் இதே கதிதான். இரண்டு கைகளும் சேற்றுக்குள் இருக்கும். பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனையோலைப் பறி கூடவே மிதந்து வரவேண்டும். அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. மாசி மாதத்து விடியற்காலைத் தண்ணீரில் இடுப்புக்குக் கீழே எதுவும் தன்னுடையதாகத் தெரியவில்லை. முட்டி போட்டு நகர்ந்தாள். விரல்களைச் சேற்றில் விரித்துத் துழாவினாள். வாலை உதறிய ஒன்றை அமுக்கிப் பிடித்துத் தலையைச் சாய்த்துப் பறிக்குள் போட்டாள்.

பக்கத்தில் தடவிக்கொண்டிருந்த பச்சையம்மா மூக்காலேயே "ம்ம், ம்ம்" என்று சத்தம் போட்டு மோவாயால் கரையைக் காட்டினாள். கரையில் தங்கவேல் கையில் சுண்ணாம்புச் சட்டியோடு நாகம்மாளின் குடிசைப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தான்.

நாகம்மாள் கயிற்றைத் துப்பினாள்.

"இவன் இன்னாத்துக்கு என் வூட்டாண்ட போறான்?"

தங்கவேல் அவளுக்கு அந்நியனில்லை, புருஷனின் தம்பி. முகத்துவாரத்தில் அவன் படகு இரண்டாகப் பிளந்த பிறகு, சந்தைக் குத்தகை எடுத்திருந்த குருவப்பரிடம் தண்டல்காரனாகச் சேர்ந்திருந்தான். கரையில் யார் உப்பு குவித்தாலும், யார் கருவாடு காயப்போட்டாலும் குவியல் மேல் சுண்ணாம்புத் தண்ணீரால் குறி போடுவது அவன் வேலை. குத்தகைக்காரர் தன் பங்கை அள்ளிக்கொண்டு போகும்வரை குறி கலையக்கூடாது. கலைத்தால் சொந்தக்காரனே திருடன்.

அவள் சேலை சொட்டச் சொட்ட வாசலுக்கு வந்தபோது பாய் மேல் காய்ந்துகொண்டிருந்த மிளகாய்க் குவியலில் வெள்ளையாக ஒரு பெரிய குறுக்குக்கோடு விழுந்திருந்தது.

உப்பில் போடுவார்கள், கருவாட்டில் போடுவார்கள். ஆனால் ஒரு பெண்பிள்ளை தன் கஞ்சிக்கு என்று கொல்லையில் வளர்த்ததன் மேல் குறி விழுந்து யாரும் பார்த்ததில்லை.

"இன்னா தங்கவேலு இது?"

"அண்ணி, என் மேல கோவப்படாத. காரம்லாம் இனிமே குத்தகையில சேந்துடுச்சாம். குருவப்பர் கடையில மிளகு மூட்டை மூட்டையா கெடக்குது, வாங்க ஆளில்ல. எல்லார் கொல்லையிலயும் மிளகா கீறதாலதானாம். இருக்கறதை நாளைக்கு அள்ளிக்குவாரு. செடியெல்லாம் புடுங்கணும். இனிமே யாரும் வைக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"உப்புக்குக் குத்தகை வெச்சாங்க, குடுத்தோம். வெத்தலைக்கு வெச்சாங்க, குடுத்தோம். நாக்கு எரியறதுக்குமா குத்தகை?"

தங்கவேல் சட்டியைக் கலக்கினான்.

அந்த மிளகாய் கொஞ்ச நஞ்சம் பாடுபட்டு வந்ததில்லை. கப்பலுக்குச் சரக்கு ஏற்றப் போன அவள் புருஷன் மாசிலாமணி, யாரோ ஒரு கப்பல் சமையற்காரனிடம் நண்டு கொடுத்து ஒரு பிடி காய் வாங்கி வந்தான். காயாக இருக்கும்போது கருகருவென்று உருண்டையாக நண்டின் கண் மாதிரி இருக்கும். பழுத்தால் சிவந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நண்டுக்கண் மிளகாய் என்று பேர் வைத்தவள் நாகம்மாள். அடுத்த வருஷம் மாசிலாமணியே ஒரு கப்பலில் வேலைக்கு ஏறினான். கப்பல் போனது, மாசிலாமணி வரவில்லை. மிளகாய்தான் தங்கியது.

உப்பு மண்ணில் அது சுலபத்தில் வேர் பிடிக்கவில்லை. இறால் தலை, நண்டு ஓடு, அடுப்புச் சாம்பல், நல்ல தண்ணீர்க் குட்டையிலிருந்து தலைச்சுமையாகச் சுமந்த வண்டல் எல்லாம் போட்டுத்தான் கொல்லையில் ஒரு மேடு உண்டாக்கினாள். இப்போது குப்பத்தில் ஒரு வீடு பாக்கியில்லை, எல்லா வீட்டிலும் அதுதான். விதை மட்டும் நாகம்மாளிடம் இருக்கும். ஒரு கையில் இருந்து ஊருக்குப் போனால்தான் காரம் நிற்கும், வீட்டுக்கு வீடு பிரித்து வைத்தால் காரம் சிதறிப்போகும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. புரட்டாசி பிறந்தால் பெண்கள் நாற்றுக்கு அவள் வாசலில் வந்து நிற்பார்கள். அவள் கையில் ராசி இருக்கிறது என்பார்கள். அதைக் கேட்க அவளுக்கும் பிடிக்கும்.

ஏரியிலிருந்து விறைத்துப்போய் வருகிறவர்கள் நண்டை ஓட்டோடு நசுக்கி, உப்பும் இந்த மிளகாயும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். மூக்கு ஒழுகும், கண் கலங்கும், செத்த கால் உயிர் பெறும். மிளகு அவர்கள் வீட்டுப் பண்டமல்ல. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு சிட்டிகை, அவ்வளவுதான்.

தங்கவேல் போகிறபோது குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"விதைக்காவது செடியில கீற பழத்தைப் பறிச்சுக்க அண்ணி. கூரை ஓலை, அடுப்பு மேடு, சாம்பச் சட்டி எல்லாம் கிளறுவாங்க. எங்க கை படாத எடமாப் பாத்து வெச்சுக்க."

அவர்கள் கை படாத இடம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெண்ணின் பறியை இன்னொருவர் தொடமாட்டார்கள். கயிறு முழுக்க அவள் எச்சில். சுருங்கின பழங்களாகப் பறித்து விதையை உதிர்த்து, துணியில் முடிந்து பறியின் அடியில் சொருகினாள் நாகம்மாள்.

பிறகு பச்சையம்மாவின் வீட்டுக்குப் போனாள். இரண்டு பேரும் பேசினார்கள். அதன் பிறகு பச்சையம்மா வீடு வீடாகப் போனாள்.

மறுநாள் மத்தியானம் குருவப்பர் ஓடத்தில் வந்து இறங்கினார். வலை உலர்த்தும் திடலில் எல்லா வீட்டு மிளகாயும் பாய் பாயாக வெள்ளைக் குறியோடு வரிசையாகக் கிடந்தது. பெண்கள் அவருக்கு மரப் பலகை போட்டு, மேலே வலை கட்டி நிழல் பண்ணியிருந்தார்கள். இத்தனை மரியாதையை அவர் எதிர்பார்க்கவில்லை. பலகை திடலின் மேற்கு ஓரத்தில் கிடந்ததையும், கிழக்கே கடல் காற்று கிளம்பிவிட்டதையும், நடுவில் ஒரு குழியில் வேலங்கட்டைக் கங்கு கனிந்துகொண்டிருந்ததையும் அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. கரையில் பிறந்தவராக இருந்தால் கவனித்திருப்பார்.

நாகம்மாள் முன்னால் வந்து கும்பிட்டாள்.

"ஐயா, மொத மொத எங்க மண்ணை மிதிச்சுகீறீங்க. சுத்திப் போடாம அனுப்பினா எங்க குப்பத்துக்குத்தான் கெட்ட பேரு."

"நல்ல பழக்கம்தான். செய்யுங்களேன்" என்றார் குருவப்பர். பெரிய மனிதருக்குத் திருஷ்டி இருக்கிறது என்று சொன்னால் எந்தப் பெரிய மனிதருக்குக் கசக்கும்?

"உப்பு கீது. மிளகாய்தான் எங்க கையில இல்லிங்க. எல்லாம் உங்க குறியில கெடக்குது."

குருவப்பர் சிரித்துவிட்டார். "தங்கவேலு, குறியைக் கலைடா. ஆளுக்கு ஒரு பிடி எடுத்துக்கட்டும். நானே சொல்றேன்."

தங்கவேல் அண்ணியைப் பார்த்தான். பிறகு குனிந்து, பாய் பாயாக வெள்ளைக் கோட்டைக் கையால் கலைத்துக்கொண்டே போனான்.

முதல் பிடி நாகம்மாள் எடுத்தாள். சேற்றில் துழாவித் துழாவி அகன்ற கை அது. அவரை மூன்று சுற்றுச் சுற்றி, "தண்ணிக் கண்ணு, கரைக் கண்ணு, கப்பக் கண்ணு எல்லாம் போவட்டும்" என்று சொல்லிக் கங்கில் போட்டாள். அடுத்து பச்சையம்மா. அடுத்து அவள் மருமகள். அவர்களுக்குப் பின்னால் நீளமாக ஒரு வரிசை. குப்பத்துப் பெண்கள் ஒருவர் விடாமல் வந்தார்கள். நிறைமாதக்காரி வந்தாள், கண் தெரியாத கிழவியைக் கைபிடித்துக் கூட்டி வந்தார்கள். இடுப்பில் இருந்த பிள்ளைகளின் கையிலும் தாய்மார்கள் ஒரு பிடி திணித்தார்கள். ஆளுக்கு ஒரு பிடி என்று அவர் வாயால் சொன்னதுதானே.

பத்துப் பேர் போடுவதற்குள்ளேயே நெடி கிளம்பிவிட்டது. கிழக்குக் காற்று அதை ஒரு பொட்டு சிந்தாமல் அவர் பலகைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. குருவப்பர் முதலில் செருமினார். பிறகு இருமினார். அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்தினார். எழுந்திருக்கவும் முடியவில்லை. பாதியில் எழுந்து போனால் கழித்த திருஷ்டியெல்லாம் திரும்பத் தலையிலேயே ஏறிக்கொள்ளும் என்று எல்லோரையும் போல அவரும் நம்பினார். அவர் கண்ணில் நீர் தாரை தாரையாகக் கொட்டியது. பெண்கள் மேலும் மேலும் வந்துகொண்டே இருந்தார்கள்.

"போதும்" என்றார் கடைசியில், குரலே இல்லாமல். "டேய், தண்ணியை ஊத்துடா."

எரிகிற மிளகாயில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று அடுப்படியில் வளர்ந்த எவனுக்கும் தெரியும். நாகம்மாளின் அடுப்படியில் பல வருஷம் சோறு தின்ற தங்கவேலுக்குத் தெரியாமலா போகும்? அவன் ஒரு கணம் நின்றான். பிறகு எஜமான் சொல் தட்டாத வேலைக்காரனாகச் சட்டியோடு சுண்ணாம்புத் தண்ணீரைக் கங்கில் கவிழ்த்தான். புகை வெள்ளையாகப் பொங்கி எழுந்து பலகையை மூடிக்கொண்டது.

குருவப்பரை அவருடைய ஆட்கள் தோளைப் பிடித்து ஓடத்துக்குக் கொண்டுபோனார்கள். நாகம்மாளுக்கும் தொண்டை எரிந்தது. ஆனாலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவர் காதில் விழும்படி சொன்னாள்.

"கண்ணேறு இருந்தா நெடி வராதுங்க ஐயா. இவ்ளோ நெடி வந்துச்சே. உங்க மேல ஒருத்தர் கண்ணும் இல்ல. உங்களைப் பாத்து இந்த ஊர்ல யாரும் பொறாமைப்படலிங்க."

பெண்கள் சிரித்த சிரிப்பு ஓடம் நடு ஏரிக்குப் போகும்வரை கேட்டிருக்கும்.

சாயங்காலம் ஆட்கள் திரும்பி வந்தார்கள். பாய்களில் எரியாமல் கிடந்த மிச்சத்தை ஒரு கோணியில் வழித்துக் கட்டினார்கள். வீடு வீடாகச் செடியைப் பிடுங்கினார்கள். நாகம்மாளின் கொல்லையில் பிடுங்கியது தங்கவேல்தான். வேறு ஆளை அனுப்பாமல் அவனையே பிடுங்கச் சொல்லியிருந்தார் குருவப்பர். பிடுங்கிய குழிகளில் சுண்ணாம்பைக் கொட்டி, மேட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம் போட்டான். அதற்குள் ஒரு புல் முளைத்தாலும் குத்தகைக்காரருக்குப் பதில் சொல்லவேண்டும். மற்றவர்கள் கூரையைப் பிய்த்தார்கள், அடுப்பு மேட்டை இடித்தார்கள், சாம்பலைக் கொட்டிக் கிளறினார்கள். நாகம்மாள் பறியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் அதைத் தொடவில்லை. கோணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்ட தங்கவேல் அவளைத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் அன்றைக்கு அவள் படுத்தாள்.

விடிந்ததும் எழுந்தாள், பறியை எடுத்தாள், ஏரியில் இறங்கினாள், கயிற்றைப் பல்லில் கடித்தாள். வயது வந்த நாளிலிருந்து தினமும் செய்கிற காரியம். அதை யோசித்துச் செய்வார்களா? பறி தண்ணீரில் அமிழ்ந்து மிதந்து அவள் பின்னாலேயே வந்தது. வெயில் முதுகில் ஏறின பிறகு, ஒரு பெரிய இறாலைப் பறியின் அடியில் அமுக்கிவிடக் கையை விட்டபோது, ஊறிப்போன துணி முடிச்சு விரலில் தட்டியது.

தண்ணீரில் நின்றபடியே அழுதாள். கயிறு வாயில் இருந்ததால் சத்தம் வரவில்லை.

மாசி மாதத்து ஏரித் தண்ணீரின் உப்பு சாதாரண உப்பில்லை. விதையை நல்ல தண்ணீரில் அலசினாள், நிழலில் உலர்த்தினாள், சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. கோடை போயிற்று. குப்பத்தில் எல்லோரும் வெறும் உப்புச் சாறு குடித்தார்கள். சப்பென்று இருந்தது, கால் விறைப்பு விடவில்லை. ஆனாலும் குருவப்பர் கடைக்கு ஒருத்தி மிளகுக்குப் போகவில்லை. புரட்டாசியில் நாற்று வந்துவிடும் என்று பெண்கள் தைரியமாக இருந்தார்கள். நாகம்மாள் குடுக்கையைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

புரட்டாசியில் உடைந்த பானைகளில் விதைத்துக் கூரைக்குப் பின்னால் வைத்தாள். ஒன்றும் முளைக்கவில்லை. கிளறிப் பார்த்தாள். விதை கறுத்து நசிந்து போயிருந்தது. வாசலில் வந்து நின்ற பெண்களிடம் உள்ளதைச் சொன்னாள்.

"பறியோட ஏரியில எறங்கிட்டேன். எல்லாம் செத்துடுச்சு. ராசிக் கைன்னு இனிமே யாரும் சொல்லாதீங்க."

பச்சையம்மாதான் முதலில் சொன்னாள்: "பறியை எடுத்துட்டு ஏரியில எறங்காம வேற எங்க போவோம்? நானா இருந்தாலும் எறங்கித்தான் இருப்பேன். போடீ."

ஐப்பசியில் ஒரு நாள் நண்டு விற்கப் பழவேற்காட்டில் குருவப்பர் குடியிருந்த தெருவுக்குப் போனாள். கரீமா பீவி அவளுக்கு வழக்கமான வீடு. கரீமா கூடையைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"நாகு, உன் மிளகாய் ஒண்ணு கூட இல்லையா? நான் இருந்ததையெல்லாம் இடிச்சு வெச்சுத் தீத்துட்டேன். வூட்ல மனுஷர் தினம் கேக்குறாரு."

"இல்லிங்க பீவி. வேணும்னா குத்தகைக்காரரைக் கேளுங்க."

"அந்த ஆள் வூட்லதான் மணக்குதே. எல்லாக் குப்பத்துலேயும் அள்ளுன மிளகாயைக் கப்பக்காரங்களுக்கு மூட்டை மூட்டையா வித்துட்டான். சமையலுக்குன்னு கொஞ்சம் நிறுத்திக்கிட்டானாம். நண்டுக் குழம்பு கொதிச்சா தெரு முழுக்க உன் கொல்லை வாசம்தான்." கரீமா உள்ளே போய் ஒரு சிட்டிகை மிளகு கொண்டுவந்து நீட்டினாள். "இந்தா புள்ள, குளிர்ல எறங்குறவ. கஞ்சியில போட்டுக்க."

"வேணாம் பீவி. உங்க மேல கோவம் இல்ல. அவரு கடை மிளகு என் தொண்டையில எறங்காது."

திரும்பி நடந்தபோது அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. எங்கள் கொல்லையில் இருந்தால் குற்றம், அவர் குழம்பில் இருந்தால் ருசியா?

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் தங்கவேல் வந்தான். செடி பிடுங்கின நாளுக்குப் பிறகு அவன் அவள் வாசலை மிதிக்கவே இல்லை. கையில் அதே சட்டி, மேலே வாழை இலை மூடியிருந்தது.

"எதுல குறி போட வந்தே? எதுவும் இல்லியே இங்க" என்றாள்.

அவன் சட்டியை இறக்கி இலையை விலக்கினான். ஈர மண்ணில் நெருக்கமாக ஒரு கொத்து நாற்று நின்றது. தண்டெல்லாம் கருநீலம் ஓடியிருந்தது. நண்டுக்கண்தான் என்று தெரிந்துகொள்ள நாகம்மாளுக்கு அதைக் கிட்டே போய்ப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை.

"குருவப்பர் வூட்டு அம்மாவுக்குக் காரம் ஆவாது. சமையக்காரி விதையெல்லாம் தட்டிக் கொட்டிட்டு தோலை மட்டும்தான் அரைப்பா. கொட்டனது பூரா சாக்கடை ஓரம் மொளைச்சுக் கெடக்குது. யாரும் பாக்கறதுக்கு முன்னாடி புடுங்கி எறிஞ்சுடுன்னு என்கிட்ட சொன்னாரு." தங்கவேல் தலையைச் சொறிந்தான். "புடுங்கிட்டேன். எறியறது எங்கன்னு அவரு சொல்லல."

"சட்டியைக் கழுவினியா? சுண்ணாம்பு பட்டா வேர் வெந்துடும்."

"கை தோல் உரியற மாதிரி தேச்சுக் கழுவினேன் அண்ணி." கையைக் காட்டினான். சுண்ணாம்பில் வெந்து வெந்து வெடித்த கை. "எங்க கை படாத எடத்துல வைன்னு நான்தானே சொன்னேன். நான் சொல்லாம இருந்திருந்தா நீ பறியில வெச்சிருக்க மாட்டே."

நாகம்மாள் உள்ளே போய் உப்புச் சாற்றை ஒரு சட்டியில் ஊற்றிக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் குந்திக்கொண்டு குடித்தான்.

நாற்றைப் பிரித்தாள். பாதியைப் பச்சையம்மா ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். அன்றிரவே வீட்டுக்கு ஒன்றாகப் போய்விடும். விதை இனி ஒரே வீட்டில் இருக்கவேண்டாம் என்றாள் நாகம்மாள். காரம் சிதறிப்போகாதா என்று பச்சையம்மா கேட்டாள். சிதறட்டும், எத்தனை கொல்லைக்குத்தான் அவர்கள் ஆள் அனுப்புவார்கள் பார்ப்போம் என்றாள். கரீமா பீவிக்கு என்று இரண்டை ஈரத் துணியில் சுற்றி வைத்தாள். அவர்கள் வீட்டு உள்முற்றத்துக்கு எந்தத் தண்டல்காரனும் போகமுடியாது.

மிச்சத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். தங்கவேல் பின்னாலேயே வந்தான்.

"அண்ணி, அங்க வேணாம். மறைவா எங்கனா வை. மாசியில என்னையேதான் குறி போட அனுப்புவாங்க."

"அனுப்பட்டும். வந்து போடு. அவருக்கு இன்னொரு தடவை சுத்திப் போடறதுக்கு எங்களுக்கு இன்னா வலிக்குதா?"

மழையில் கரைந்தும் கரையாமலும் மேட்டைச் சுற்றி அந்த வெள்ளை வட்டம் அப்படியே கிடந்தது. நாகம்மாள் அதைக் கலைக்கவில்லை. உள்ளே காலை வைத்து உட்கார்ந்து, சுண்ணாம்பு கெட்டிப்பட்டிருந்த மண்ணை நண்டு ஓட்டால் சுரண்டிச் சுரண்டி வெளியே எறிந்தாள். சேற்றில் வெடித்த விரல்களில் சுண்ணாம்பு ஏறி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அடியில் கறுப்பு மண் வந்தது. ஒரு நாற்றை வைத்து, சுற்றிலும் விரலால் அழுத்தினாள்.

இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் நட்டு முடித்தாள். குத்தகைக்காரரின் வெள்ளைக் குறி சுற்றிலும் காவல் இருக்க, நடுவில் நாற்றுகள் மழையில் நனைந்துகொண்டு நின்றன.